ஒன்றாவது லெவல் எங்கே இருக்கிறது?

லிஃப்டில் பொத்தானை அழுத்தும் உரிமை என் குடும்பத்தில் எனக்குக் கிடையாது. வயது நாற்பத்தெட்டு ஆகிறது. உலோகவியலில் வெளிநாட்டுப் பட்டம் வாங்கியிருக்கிறேன். தொழிற்சாலையில் நாற்பது பேர் என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால் குடும்பத்தோடு லிஃப்டுக்குள் நுழைந்தால் மனைவி என் வலது கையைப் பிடித்துக்கொள்வாள். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், முன்னெச்சரிக்கை. மகள் "அப்பா, நீங்க சும்மா நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே அழுத்துவாள். கூட நிற்கும் அந்நியர் யாராவது திரும்பிப் பார்த்தால் அவருக்கும் காரணம் விளக்கப்படும். அவர் இறங்கவேண்டிய மாடி தாண்டிப் போனாலும் பரவாயில்லை என்று முழுசாக விளக்கப்படும்.

அந்தக் காரணத்தை இத்தனை வருடமாக மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மலை கொஞ்சம் உயரமாகிறது, நான் கொஞ்சம் முட்டாளாகிறேன். பொறுத்தது போதும் என்று ஒரு தடவை நானே எழுதிவிடுகிறேன். ஒன்றும் தெரியாதவன் நாலு பேரிடம் வழி கேட்டுப் பிழைத்துக்கொள்வான். பாதி தெரிந்தவன்தான் காணாமல் போவான். நான் பாதி தெரிந்தவன்.

பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா தங்கச் சுரங்கத்தில் வைண்டர் டிரைவர். டிரைவர் என்றதும் லாரி, பஸ் என்று போய்விடாதீர்கள். ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அந்தக் கேஜை இரும்பு வடத்தில் விட்டு இழுக்கும் இயந்திரத்தை, தரைமேல் ஒரு கட்டடத்துக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவர் அவர். கீழே நிற்கும் ஆள் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டான். மணி அடிக்கும். அடித்த கணக்கை வைத்து ஆள் எந்த லெவலில் நிற்கிறான் என்று தெரிந்துகொண்டு, கேஜைக் கொண்டுபோய் அவன் காலடியில் நிறுத்துவார். முப்பது வருடம் இதையே செய்தார்.

இந்த லெவல் என்ற வார்த்தைதான் இந்தக் கதையின் முதல் வில்லன். எங்கள் சுரங்கத்தில் தரைக்குக் கீழே முதலில் வரும் தளம் ஒன்றாவது லெவல். அதற்குக் கீழே இரண்டாவது. அதற்கும் கீழே மூன்று, முப்பது, எண்பது என்று போய்க்கொண்டே இருக்கும். எண் ஏற ஏற ஆள் இறங்குவான். எங்கள் ஊரில் இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். பரீட்சை முடிவு வந்தால் நைனா மார்க் கேட்கமாட்டார். "எந்த லெவல்ல கீற?" என்பார். "ஒண்ணு நைனா" என்றால் வகுப்பில் முதல் என்று அர்த்தம். "இருபத்தி ரெண்டு" என்றால் சாயங்காலம் விளையாடப் போக முடியாது.

இரண்டாவது வில்லன் மலை. கல்லை அரைத்து, சயனைடு சேர்த்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற மண்தூளைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டியதில், எங்கள் சாம்பியன் ரீப்ஸ், பக்கத்து ஊரிகம் என்று ஊரைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையில் குன்றுகள் எழும்பிவிட்டன. படித்தவர்கள் கழிவுமேடு என்பார்கள். எங்களுக்கு அது மலை. காற்றடிக்கிற நாளில் மலை எங்கள் சோற்றில் வந்து உட்காரும். (அம்மா குழம்புச் சட்டியை மூடிக்கொண்டே "மலை வருது, கதவ சாத்து" என்பாள்.) ஏறக்கூடாது என்று போர்டு இருக்கும், வாட்ச்மேன் இருப்பார், ஆகவே தினமும் ஏறினோம். பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய், தகரத்தில் உட்கார்ந்து சறுக்கி, கால்சட்டையின் பின்பக்கத்தை மலைக்கே தானம் செய்துவிட்டு வீடு திரும்புவோம்.

இந்தத் தகுதிகளோடுதான் இரண்டாயிரமாம் ஆண்டு உதவித்தொகை கிடைத்து பிரிட்டனுக்குப் படிக்கப் போனேன். கிளம்பும்போது நைனா தன் சுரங்க பூட்ஸில் புது ஜோடி ஒன்றைப் பெட்டிக்குள் திணித்தார். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்தது. "குளிர் தேசம்டா. கால்ல நல்லதா போட்டுக்க. இது கிழியாது" என்றார். அது கிழியவில்லைதான். கிழிந்தது வேறு.

விடுதியில் பக்கத்து அறைக்காரன் இசக்கிமுத்து, திருநெல்வேலி. நான் "இன்னாப்பா" என்று வாயைத் திறந்தாலே சிரிப்பான். ஆனால் அந்தக் குளிரில் அவனுடைய ரசமும் என்னுடைய சோறும் சேர்ந்தால்தான் சாப்பாடு என்பதால் நாங்கள் பிரியவில்லை. அவன்தான் ஒரு நாள் அறிவிப்புப் பலகையிலிருந்து செய்தி கொண்டுவந்தான். மலையேறும் மாணவர் குழு, வார இறுதிப் பயணம், இரண்டு நாள் சாப்பாடு உண்டு. சாப்பாடு என்ற வார்த்தைக்குக் கீழே மட்டும் அவன் பேனாவால் கோடு போட்டிருந்தான்.

பெயர் கொடுக்கப் போனால் ஒரு படிவம். குழுவின் தலைவி ஹெலன் ஆராய்ச்சி மாணவி. உட்கார்ந்து பேசும்போதே எழுந்து நடந்துவிடுவாளோ என்று தோன்றும், அப்படி ஒரு சுறுசுறுப்பு. மலையேறிய அனுபவம் என்ற இடத்தில் நான் பதினைந்து ஆண்டுகள் என்று எழுதியதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"எந்த மலைகள்?" என்றாள்.

"சாம்பியன் ரீப்ஸ். ஊரிகம்."

அந்தப் பெயர்களை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "பனி இருக்குமா?"

"வெள்ளையாக இருக்கும்" என்றேன். (பொய்யா சொன்னேன்? நீங்களே சொல்லுங்கள்.)

"சரிவு எப்படி?"

"இறங்கும்போது நாங்கள் உட்கார்ந்துதான் இறங்குவோம்."

அவள் மரியாதையோடு தலையசைத்தாள். அந்த மரியாதையில் மயங்கி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் என்ற இடத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாணிக்கம் மாமாவின் ஃபோன் நம்பரை எழுதிவிட்டு, நோய்கள் ஏதும் உண்டா என்ற இடத்தை நிரப்பாமலே எழுந்து வந்துவிட்டேன். எங்கள் லைன் வீடுகளில் அவர் வீட்டில் மட்டும்தான் ஃபோன் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்திய நேரம் ஏழு மணிக்கு நான் கூப்பிடுவேன். நைனாவும் அம்மாவும் ஆறரைக்கே அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வருடம் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்தது. நைனாவுக்கு வாரம் பூராவும் கெட்ட செய்திதான். என் ஃபோன் ஒன்றுதான் நல்ல செய்தி. அது ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. என் நேரப்படி மதியம் இரண்டரை மணி. மலையோ மடுவோ, இரண்டரைக்கு நான் ஒரு ஃபோன் முன்னால் நிற்க வேண்டும். ஹெலனிடம் இதைச் சொன்னேன். இரண்டு மணிக்கெல்லாம் இறங்கிவிடுவோம், பக்கத்துக் கிராமத்தில் ஃபோன் உண்டு என்றாள்.

சனிக்கிழமை காலையில் வேன் எங்களை மலையின் கிழக்குப் பக்கம் இறக்கிவிட்டது. இறங்கியதும் இசக்கி மேலே பார்த்தான். மேலே ஒன்றுமே தெரியவில்லை, வெறும் மூடுபனி.

"ஏல அசோகா, இந்தக் குளிர்ல மனுசன் மலை ஏறுவானா? நா வண்டியிலயே கெடக்கேன்" என்றான்.

"சாப்பாடு?"

"அதான் வண்டியில இருக்குல்ல."

அவனை ஏளனமாகப் பார்த்துவிட்டு நான் நடந்தேன். வேன் மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து காத்திருக்கும், நாங்கள் மலையைக் கடந்து அங்கே போய்ச் சேர வேண்டும், மறுபக்கத்தில் அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் பக்கம்வரை கம்பியில் தொங்கிப் போகும் நாற்காலி லிஃப்ட் உண்டு என்றெல்லாம் ஹெலன் வேனிலேயே வரைபடம் வைத்து விளக்கியிருந்தாள். அதில் பாதிதான் என் காதில் விழுந்தது. மீதி நேரம் பக்கத்து இருக்கை ஸ்பெயின் நாட்டுப் பெண்ணுக்கு நான் ஊரிகம் மலைச் சரிவை வர்ணித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் மலையைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. ஏறினால் முடியும். இந்த மலை முடியவே இல்லை. ஒரு மேடு ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு ஒளிந்துகொண்டிருக்கும். நைனாவின் பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் சேற்றில் கால் படி அளந்து எடுத்துக்கொண்டு வந்தது. முதல் அரைமணி நேரம் ஹெலனுக்குப் பக்கத்தில் நடந்தேன். அடுத்த அரைமணி ஸ்பெயின்காரிக்குப் பக்கத்தில். அதற்கப்புறம் என் பக்கத்தில் யாரும் இல்லை. நடுவில் நின்று என்னைப் பார்த்து ஹெலன், "உங்கள் ஊரில் இதைவிட மெதுவாக ஏறுவீர்களோ?" என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள் என்பதுதான் கொடுமை. "ஆமாம், அங்கே காற்று வேறு மாதிரி" என்றேன்.

பதினொன்றரைக்கு, உச்சிக்குப் போகாமலே மலையின் இடுப்பைச் சுற்றி, மறுபக்கத்து நாற்காலி லிஃப்டின் நடு நிலையத்துக்கு வந்தோம். மூடுபனியால் லிஃப்ட் நின்றிருந்தது. ஒரு டீக்கடை, ஒரு கழிப்பறை, ஒரு போர்டு. போர்டில் கொட்டை எழுத்தில் "லெவல் 2" என்று எழுதியிருந்தது. பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மூன்று மணி நேரமாக ஒன்றும் தெரியாதவனாக நடந்துகொண்டிருந்தவனுக்கு, கடைசியாகத் தெரிந்த ஒரு வார்த்தை. லெவலைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இந்தக் கூட்டத்தில் எவன் இருக்கிறான் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

நான் கழிப்பறையில் பூட்ஸோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில், மூடுபனி அதிகமாக இருப்பதால் இன்று உச்சிக்குப் போகப்போவதில்லை என்று ஹெலன் எல்லோருக்கும் அறிவித்திருக்கிறாள். வெளியே வந்தபோது என் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். "டீ குடித்துவிட்டு அவரவர் வேகத்தில் நடக்கலாம். ஒரு மணிக்கு எல்லோரும் லெவல் ஒன்றில் இருக்க வேண்டும்."

கவனியுங்கள். மலை ஏற வந்திருக்கிறோம். இன்னும் உச்சியைப் பார்க்கவில்லை. நிற்பது இரண்டாவது லெவல். போகவேண்டியது ஒன்றாவது லெவல். இரண்டுக்கு மேலே ஒன்று. உச்சியில் ஒன்றுகூடிவிட்டு, பனி விலகியதும் நாற்காலியில் ஜம்மென்று இறங்குவோம். இதில் யாரிடம் என்ன கேட்க இருக்கிறது?

மற்றவர்கள் கேக்கைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் போன மானத்தை மீட்க இதுதான் சமயம் என்று, "நான் முன்னால் போகிறேன்" என்றேன். ஹெலன் சந்தோஷப்பட்டாள். "போர்டுகளைப் பார்த்துப் போ" என்றாள். அதைத்தான் செய்தேன். கதவுக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரிந்தது. நான் மேலே போகிற பாதையில் திரும்பினேன். மூடுபனியில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது, ஆகவே நான் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று உள்ளே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் ஏறினேன். பூட்டியிருந்த ஒரு கட்டடம் வந்தது. சுவரில் போர்டு. கையால் ஈரத்தைத் துடைத்துப் பார்த்தேன். "லெவல் 3."

இந்த இடத்தில் மூளை உள்ள எவனும் நின்று யோசித்திருப்பான். நானும் நின்று யோசித்தேன், அதுதான் ஆபத்தாகப் போயிற்று. இரண்டிலிருந்து கிளம்பினேன். மூன்றுக்கு வந்திருக்கிறேன். மூன்று என்பது இரண்டுக்குக் கீழே. அப்படியானால் நான் முக்கால் மணி நேரமாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். மூடுபனியில் திசை தெரியாது என்று எல்லோரும் சொல்வார்களே, அதுதான் இது. மூச்சு வாங்குகிறதே, ஏறினால்தானே மூச்சு வாங்கும் என்று நுரையீரல் சொன்னது. தொடையும் அதையே சொன்னது. அதுகள் இரண்டும் படிக்காதவை என்று விட்டுவிட்டேன். எழுத்தில் இருப்பதைத்தானே படித்தவன் நம்ப வேண்டும்?

ஆகவே, தவறுதலாக இறங்கிவிட்ட தூரத்தை ஈடுகட்ட, இன்னும் வேகமாக ஏறினேன்.

கட்டடத்துக்குப் பின்னால் பாதை இல்லை. பாறைதான். பாறையில் இரும்புக் கம்பங்கள் நட்டுச் சங்கிலி போட்டிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு வழுக்குப் பாறையில் இடது பூட்ஸ் ஒரு தீர்மானம் எடுத்தது, வலது பூட்ஸ் வேறு தீர்மானம் எடுத்தது. நான் ஊரிகம் முறைப்படி உட்கார்ந்த வாக்கில் சறுக்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் வந்து நின்றேன். தகரம் இல்லாத குறை அப்போதுதான் தெரிந்தது. கால்சட்டையின் பின்பக்கம் பாறையிலேயே தங்கிவிட்டது. கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மணி ஒன்று.

ஒன்றே கால் ஆயிற்று. ஒன்றே முக்கால் ஆயிற்று. எங்கிருந்தோ ஒரு செம்மறியாடு வந்து, ஒரு கஜ தூரத்தில் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் புல் மேய்ந்தது. அது சர்வசாதாரணமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹெலன் மேல் கோபம், லிஃப்ட் கம்பெனி மேல் கோபம், மூன்றாவது லெவலைத் தூக்கி எங்கோ வைத்த பெயின்டர் மேல் கோபம். இரண்டு மணிக்குமேல் கோபம் போய்விட்டது. பயம்தான் இருந்தது. செத்துப்போவேன் என்ற பயம்கூட அவ்வளவு இல்லை. இரண்டரை மணிக்கு மாணிக்கம் மாமா வீட்டில் ஃபோன் அடிக்காது. அம்மா ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நைனா எழுந்து வாசலுக்குப் போவார். அதை நினைத்தபோது அந்தக் குளிரிலும் எனக்கு அழுகை வந்தது. ஆடு மட்டும்தான் பார்த்தது.

சுரங்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் எப்படியோ தெரிந்திருக்கும். கீழே வழி தப்பினால் நடக்கக்கூடாது. இருந்த இடத்தில் உட்கார்ந்து, கையில் கிடைத்ததால் குழாயைத் தட்ட வேண்டும். இங்கே குழாய் இல்லை, கம்பம் இருந்தது. ஒரு கல்லை எடுத்து மூன்று மூன்றாகத் தட்ட ஆரம்பித்தேன். ஆடு ஓடிவிட்டது.

கீழே நடந்ததை இசக்கி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் சொல்லாத நாளும் இல்லை.

ஒரு மணிக்கு எல்லோரும் அடிவார நிலையத்தில் கூடிவிட்டார்கள். முதலில் கிளம்பிய என்னை மட்டும் காணோம். இரண்டு மணிக்கு மலை மீட்புக் குழு வந்துவிட்டது. நடு நிலையத்துக்கும் அடிவாரத்துக்கும் இடையில், பாதைக்கு இரண்டு பக்கமும் நாயோடு தேடினார்கள். ஓடைக்குள் தேடினார்கள். ஓடையில் தேடியது எதற்கென்று இசக்கிக்குப் புரிந்துவிட்டது, சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். (இந்தத் தகவலை அவன் நட்பின் ஆழத்துக்குச் சான்றாக இன்றும் சொல்வான்.) குழுத்தலைவர் வெள்ளை மீசைக்காரர். பையனுக்கு வலிப்பு, சர்க்கரை ஏதாவது உண்டா என்று கேட்டார். ஹெலன் படிவத்தை எடுத்தாள். அந்த இடம் காலி. வேறு வழியில்லாமல் நிலையத்து ஃபோனிலிருந்து நான் எழுதியிருந்த நம்பரைச் சுற்றினாள்.

அப்போது எங்கள் ஊரில் மணி சரியாக ஏழு. முதல் மணியிலேயே நைனா எடுத்துவிட்டார்.

"அசோகா?"

ஒரு பெண்குரல் இங்கிலீஷில் பேசியது. நைனாவுக்கு இங்கிலீஷ் வராது. ஹெலன் ஃபோனை இசக்கியிடம் நீட்டிவிட்டாள்.

"ஐயா, நான் அசோகன் கூடப் படிக்கிறவன். பதறாதிய. மலைக்கு வந்த இடத்துல அவனைக் கொஞ்ச நேரமாக் காணல. அவனுக்கு நோய் நொடி ஏதும் உண்டாய்யா?"

"நோவெல்லாம் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் திமிரு" என்றிருக்கிறார் நைனா. குரல் மாறவே இல்லையாம். "எந்த லெவல்ல காணோம்?"

மலையில் தொலைந்தவனை எந்த லெவல் என்று ஒரு மனிதர் எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கேட்டதும் இசக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. "உங்களுக்கு எப்படிய்யா தெரியும்? ரெண்டாவது லெவல்ல இருந்துதான் கெளம்புனான். ஒண்ணாவது லெவலுக்கு வரணும். வரல."

"நீங்க எங்க தேடறீங்க?"

"ரெண்டுக்குக் கீழதான்யா, பூராவும் தேடிட்டாக."

"இன்னாத்துக்குப்பா கீழ தேடறீங்க? ஒண்ணாவது லெவலு மேல இல்ல கீது?"

"இல்லய்யா. இங்க ஒண்ணு கீழ இருக்கு. மேல போகப் போகத்தான் ரெண்டு, மூணு."

ஃபோனில் நைனாவுக்குப் பின்னால் அம்மா "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று கேட்பது மட்டும் கேட்டதாம்.

"எவன் அப்படி எழுதனான்னு அப்பறம் பேசிக்கலாம்" என்றார் நைனா. "உங்களுக்கு அது கீழ. எம்புள்ளைக்கு அது மேல. அவன் மேலதான் போயிருப்பான். மூணாவதைப் பார்த்திருந்தா, தப்பா எறங்கிட்டோம்னு இன்னும் மேல ஏறியிருப்பான். உச்சில போயி நில்லுங்க. நின்னு காது குடுத்துக் கேளுங்க. ஒக்காந்து தட்டிக்கினு இருப்பான்."

இசக்கி இதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, வெள்ளை மீசைக்காரர் ஹெலனைப் பார்த்தாராம், ஹெலன் மீசைக்காரரைப் பார்த்தாளாம். பிறகு எல்லோரும் ஜீப்பில் ஏறி மேலே போனார்கள்.

மூன்றேமுக்காலுக்கு, மூடுபனிக்குள்ளிருந்து முதலில் ஒரு நாய் வந்தது. பின்னால் மீசைக்காரர் வந்தார். கல்லும் கையுமாக நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், கால்சட்டையில் எஞ்சியிருந்ததைப் பார்த்தார். தன் மழைக்கோட்டைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டு, "உன் அப்பா சொன்ன இடத்திலேயே இருக்கிறாய்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் அப்பாவை இவருக்கு எப்படித் தெரியும், தலையிலும் அடிபட்டிருக்கிறதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் ஜீப் நின்றது. கட்டடத்தின் நெற்றியில் "லெவல் 1" என்று எழுதியிருந்தது. நான் அதை நெடுநேரம் பார்த்தேன். இசக்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். அவனிடம் நான் நன்றி சொல்லியிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "போர்டு தப்பா கீதுடா" என்றேன். அவன் கட்டிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டான்.

முதல் வேலையாக ஊருக்கு ஃபோன் போட்டார்கள். அம்மா அழுது முடித்தாள். புத்தர் படத்துக்கு ஏற்றிய மெழுகுவத்தி இன்னும் அணையவில்லை என்றாள். எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் மாணிக்கம் மாமா வீட்டில் கூடியிருந்தார்கள், ஆளுக்கு ஒரு தடவை என் பெயரைச் சொன்னார்கள். கடைசியில் நைனா வந்தார்.

"இப்ப எந்த லெவல்ல கீற?"

"ஒண்ணுல நைனா."

"மேலயா, கீழயா?"

"கீழ."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது ஒண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

படிப்பை முடித்து நான் ஊர் திரும்புவதற்குள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஷிப்ட் சங்கு ஊதாத ஊருக்குள் நான் வந்து இறங்கினேன். காலையில் எழுந்தால் போவதற்கு இடமில்லாத ஆட்கள் டீக்கடை பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கவே மனது கஷ்டமாக இருந்தது. அவர்களுக்கோ, பேச ஒரு வழக்கு கிடைத்திருந்தது, என் வழக்கு. நான் டீ குடிக்கப் போன முதல் நாளே என்னை நடுவில் உட்கார வைத்து முழுசாக விசாரித்தார்கள். மூன்றாவது லெவல் போர்டைப் பார்த்ததும் நான் என்ன யோசித்தேன் என்று சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத ஒரே கூட்டம் உலகத்தில் அதுதான்.

ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவர் தீர்ப்பு சொன்னார். "வெள்ளைக்காரன்தான நம்மூருக்கு வந்து ஒண்ணு மேல, ரெண்டு கீழன்னு எண்ணக் கத்துக் குடுத்தான். அவன் பேச்சக் கேட்டு எங்கப்பன், எங்க தாத்தனெல்லாம் எறங்கனாங்க. இப்ப அவன் ஊர்ல அவனே மாத்தி எழுதி வெச்சா, புள்ள இன்னா பண்ணுவான்? தப்பு அவன் மேல."

நைனா என் டீயையும் சேர்த்து இரண்டு டீ குடித்தார். அது அவருக்குச் சந்தோஷம் என்றால் செய்கிற காரியம்.

என் வீட்டில் அந்தத் தீர்ப்பு செல்லுபடியாகவில்லை. கல்யாணத்துக்கு வந்த இசக்கி, தாலி கட்டி அரைமணி நேரத்துக்குள் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும், மூக்குக்கண்ணாடியோ சாவியோ, முதலில் வரும் குரல், "மேல தேடுங்க." அலமாரிக்கு மேலே பார்த்தால் பாதி நாள் அது அங்கேதான் இருக்கும், அதுதான் இன்னும் எரிச்சல்.

போன வருடம் பெங்களூரில் ஒரு பெரிய மாலுக்கு நைனாவை அழைத்துப்போனோம். இந்த மாதிரி இடமெல்லாம் அவருக்குப் பிடிக்காது. எண்பது வயது, முழங்கால் வலி, சத்தம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். காரை நிறுத்தப் பூமிக்கு அடியில் இறங்கினேன். சுவரில் பெரிதாக "லெவல் 1" என்று எழுதியிருந்தது. இடமில்லை. இன்னும் கீழே இறங்கினேன், "லெவல் 2." அங்கும் இல்லை. அதற்கும் கீழே, "லெவல் 3."

"நிறுத்துடா" என்றார் நைனா.

கார் கதவைத் திறந்து இறங்கினார். அந்தப் போர்டின் கீழே போய் நின்றுகொண்டு, மேலே சாய்ந்து போகிற பாதையையும் கீழே சாய்ந்து போகிற பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நாலு கார்கள் ஹாரன் அடித்தன. என் மகள் இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்து, "இன்னா தாத்தா?" என்றாள்.

"பாத்தியா? ஒழுங்கா எழுதிக்கீறான்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. சுரங்கம் மூடியதிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் கையைக் காட்டி அவளிடம் சொன்னார்: "உங்கப்பன இங்க வுட்டிருந்தா ஒரு மணிக்கே கரெக்டா வந்து சேந்திருப்பான்."